மாரத்தானில் கடைசியில் வருபவர்களின் கணக்கு

மாரத்தான் முடிந்ததும் சராசரி நேரத்தை வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சராசரியை நடுவில் நிறுத்தி, இருபுறமும் சமமாகச் சரியும் மணி வடிவக் கோட்டை வரைந்தால் தப்பான படம்தான் கிடைக்கும்.

10,000 பேர் ஓடும் பந்தயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சராசரி 276.6 நிமிடம், திட்ட விலக்கம் 61.6 நிமிடம். மணி வடிவத்துக்கான எக்செல்லின் நார்ம்.டிஸ்ட் ஃபார்முலாவில் இதைக் கொடுத்துப் பாருங்கள். 2023-இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் உலக சாதனையாக ஓடிய 2 மணி 35 விநாடிக்குள் 57 பேர் வந்துவிடுவார்களாம்!

வேகத்துக்கு உடம்பு ஓர் எல்லை போடுகிறது. தாமதத்துக்கு அப்படி எதுவும் இல்லை. போதாத பயிற்சி, வெயில், 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கிளைக்கோஜன் தீர்ந்து கால் கனத்துப்போவது என எல்லாமே நேரத்தை இத்தனை சதவீதம் என்று பெருக்கிக்கொண்டே போகின்றன. பெருக்கலைக் கூட்டலாக்குவது மடக்கை. அதனால் நேரத்தின் மடக்கையை எடுத்தால் மணி வடிவம் ஓரளவு பொருந்திவிடும். லாக்நார்மல் பரவல் என்பது இதுதான்.

எக்செல்லில் இதற்கு லாக்நார்ம்.டிஸ்ட் இருக்கிறது. எக்செல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாகத்தான் வைத்திருக்கும். 1440-ஆல் பெருக்கினால் நிமிடம் வரும். பக்கத்து நெடுவரிசையில் எல்என் போட்டு மடக்கை எடுத்து, அந்த மடக்கைகளின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். நம் பந்தயத்தில் அவை 5.598, 0.22. பிறகு =லாக்நார்ம்.டிஸ்ட்(240, 5.598, 0.22, ட்ரூ) என்று அடித்தால் 0.297 வரும். அதாவது 4 மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள் சுமார் 30 சதவீதம். பலரும் சறுக்குவது இங்கேதான்: 276.6, 61.6 என்று நிமிடக் கணக்கையே உள்ளே கொடுத்துவிடுகிறார்கள். விடை கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும். கடைசியில் உள்ள ட்ரூவை ஃபால்ஸ் ஆக்கினால் கிடைப்பது நிகழ்தகவு அல்ல, அந்தப் புள்ளியில் கோட்டின் உயரம்.

இப்போது கிப்டம் நேரத்தைக் கொடுங்கள். 57 பேர் இருந்த இடத்தில் 1 ஆள்தான். அதுவும் தாராளம்தான், ஆனாலும் நம்பக்கூடிய பக்கம் வந்துவிட்டோம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது மறுமுனை. சிகாகோ மாரத்தானின் நேர வரம்பு ஆறரை மணி, அதாவது 390 நிமிடம். நம் பந்தயத்திலும் அதே வரம்பை வைத்தால், அதைத் தாண்டுவோர் மணி வடிவக் கணக்கில் சுமார் 330 பேர், லாக்நார்மலில் சுமார் 470 பேர். இடையில் விடுபட்ட அந்த 140 பேருக்கும் தண்ணீர் வேண்டும், மருத்துவ உதவி வேண்டும், ஏற்றிவர வண்டி வேண்டும். ஏற்பாட்டாளர்கள் சராசரியை மட்டும் நம்பித் திட்டமிட்டால் தவித்துப்போவது, உள்ளதிலேயே அதிக நேரம் வெயிலில் நின்ற இவர்கள்தான்.

இந்த ஃபார்முலாவுக்கும் பிடிபடாத ஓர் இடம் உண்டு. கிட்டத்தட்ட 1 கோடி மாரத்தான் முடிவுகளை அலசி 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, 3 மணி, 4 மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் ஓட்டக்காரர்கள் குவிவதைக் காட்டியது. 3:59-இல் வந்தே தீருவது என்று கடைசி 2 கிலோமீட்டரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுபவரை வழவழப்பான கோடு எதுவும் கணிக்காது. அங்கே லாக்நார்ம்.டிஸ்டை ஒதுக்கிவிட்டு, கவுண்ட்இஃப் போட்டு முடிவுப் பட்டியலை நேராக எண்ணுவதே சரி.