செட்டிநாட்டு வீடும் ஃபோகஸ் லைட்டும்

காரைக்குடி வட அட்சம் 10 பாகையை ஒட்டி இருக்கும் ஊர். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், உச்சிப்பொழுதில் சூரியன் அதன் தலைக்கு நேர்மேலே வருகிறது. மார்கழியில்கூட நடுப்பகல் சூரியன் 56 பாகை உயரத்தில் நிற்கும். இப்படிக் கொட்டும் வெயிலை வீட்டுக்குள் எப்படி அழைப்பது என்ற கேள்விக்குச் செட்டிநாட்டுக் கொத்தனார்கள் கண்ட விடைதான் வளவு. அதன் திறந்த முற்றத்தில் நண்பகலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் விழுகிறது. முற்றத்துக் கல்லில் பட்டு எழும்பும் ஒளி தாழ்வாரத்தின் அடிக்கூரைக்குப் போகிறது, அங்கிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து அறை வாசலுக்கு. ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வீரியம் குறைந்து, உள்ளறையை அடையும்போது நூறு லக்ஸுக்கும் கீழே இறங்கிவிடுவது உண்டு. வாசலில் கண் கூசி நுழைகிறவர் பத்தடி நடப்பதற்குள் கண் பழகிவிடுகிறது.

இந்தப் பயணத்துக்கு உதவும் பொருள்கள் எல்லாமே வீட்டிலேயே இருக்கின்றன. சுண்ணாம்பு அடிப்பூச்சுகளின் மேல், நன்றாகச் சலித்த சுண்ணாம்பில் முட்டை வெண்கருவைக் கலந்து பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் வெளிச்சத்தை வீணாக்காமல் திருப்பி அனுப்புகிறது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லின் மினுமினுப்பு சூளையில் பிறப்பதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றித்தான் அதை வார்க்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கமே பிறகு நாம் மிதிக்கும் பக்கமாகிறது. பெல்ஜியக் கண்ணாடிகள், மாடி ஜன்னல்களின் வண்ணச் சில்லுகள், மெருகேறிய பர்மாத் தேக்குத் தூண்கள் எல்லாம் இந்த வேலையில் பங்காளிகள். வீடுகள் கிழக்கு மேற்காக, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நிலைக்கதவுகள் ஒரே கோட்டில் அமைவதால், திறந்து வைத்தால் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி அடுக்கிய நீளமான காட்சி கிடைக்கும்.

ஆக, இந்தக் கட்டடங்களுக்கு ஒளியமைப்பு புதிதாக வந்த கலை என்று சொல்ல இடமில்லை. புதிதாக வந்தது மின்விளக்கை வைத்துச் செய்யும் ஒளியமைப்பு. செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை எழுந்தவை. பைக்காரா புனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியதே 1930-களின் தொடக்கத்தில்தான். பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் பிற்சேர்க்கை. பூச்சுக்கு மேல் மரச்சட்டம் அடித்து ஒயர் ஓட்டினார்கள், தூணில் ஸ்விட்ச் போர்டைத் திருகினார்கள். பிறகு டியூப் லைட் வந்தது. மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தால் விலை சரிந்து, நாடெங்கும் 36 கோடிக்கு மேற்பட்ட எல்இடி பல்புகள் விநியோகமாயின. ஒரு மெழுகுவத்தி தரும் ஒளி ஏறத்தாழ 12 லூமன். ஒரு 9 வாட் எல்இடி 800 லூமனைத் தாண்டும். அகல் விளக்குக்காக வெட்டிய மாடத்துக்குப் பக்கத்தில் எழுபது மெழுகுவத்தியின் வெளிச்சம் ஒரே புள்ளியிலிருந்து பாய்கிறது என்றால், மாடத்தின் வளைவு எங்கே தெரியும்?

2014-இல் செட்டிநாட்டு வணிகர் ஊர்த்தொகுதிகளை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. காரைக்குடியின் பங்களா, கானாடுகாத்தானின் விசாலம், கடியாபட்டியின் சிதம்பர விலாஸ், கோத்தமங்கலத்தின் சாரதா விலாஸ் என்று பழைய வீடுகள் விருந்தினர் தங்கும் இடங்களாயின. வீட்டைப் பழுதுபார்ப்பது பரவலானதும் அதற்கு வெளிச்சம் அமைப்பதும் தனி வேலையாக வளர்ந்தது.

அந்த வேலைக்கு இலக்கணம் வகுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ரிச்சர்ட் கெல்லி. நியூயார்க்கின் சீக்ரம் கட்டடத்துக்கு ஒளியமைத்த அவர் 1950-களில் வெளிச்சத்தை மூன்றாகப் பிரித்துப் பேசினார்: எங்கும் பரவும் பொது ஒளி, ஒன்றைப் பார்க்கச் சொல்லும் குவிந்த ஒளி, கண்ணுக்குக் குதூகலம் தரும் மினுக்கொளி. வளவின் பரவல் வெளிச்சம், சாமி வீட்டு விளக்கு, லஸ்தர் விளக்கிலும் பெல்ஜியக் கண்ணாடியிலும் தெறிக்கும் பொறிகள் என்று செட்டிநாட்டு வீட்டில் இம்மூன்றும் ஏற்கெனவே குடியிருந்தன. நல்ல ஒளியமைப்பாளர் செய்ய வேண்டியது, பொழுது சாய்ந்த பிறகும் அந்த உறவு குலையாமல் பார்த்துக்கொள்வது.

அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையின் பலன் பெரிது. முதல் பலன் சுவருக்கு. முட்டைப் பூச்சுச் சுவரை ஒயருக்காக வெட்டினால் ஒட்டுப் போட்ட இடம் காலத்துக்கும் தெரியும், ஏனென்றால் பல அடுக்காக ஏற்றிய பூச்சில் ஓரிடத்தை மட்டும் அதே பளபளப்போடு திரும்பக் கொண்டுவருவது அநேகமாக முடியாத காரியம். விவரம் தெரிந்தவர் சுவரைத் தொடுவதில்லை. உத்தரத்தின் மேல்பக்கத்திலோ தூணின் தலைப்பலகைக்குப் பின்னாலோ விளக்கை ஒளித்து வைக்கிறார்.

அடுத்த பலன் நிறத்துக்கு. எண்ணெய் விளக்கின் சுடர் 2,000 கெல்வினை ஒட்டியது. கடையில் ‘டேலைட்’ என்று விற்கும் டியூப் 6,500. நீலம் தூக்கலான அந்த வெளிச்சத்தில் தேக்கு சாம்பல் பூத்துப்போகிறது. வார்ம் ஒயிட் பல்பு வாங்கினால் போதும் என்று நினைப்பதும் தவறு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிறத்திறன் எண் (சி.ஆர்.ஐ.) எட்டு மங்கலான வண்ணங்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி அளவு உண்டு. எண் 80 என்று போட்ட மலிவு எல்இடியில் இந்த ஆர்9 தரைமட்டத்தில் இருப்பது வழக்கம். தேக்கு, குங்குமம், ஆத்தங்குடிக் கல்லின் காவிச் சிவப்பு, கண்டாங்கிச் சேலை என்று செட்டிநாட்டின் அழகில் பாதி சிவப்பிலேயே இருக்கிறது. இந்த ஓர் எண்ணைக் கேட்டு வாங்கும் ஒளியமைப்பாளர் வீட்டுக்குப் பெரிய உபகாரம் செய்கிறார்.

காப்பதும் அவர் கடமைதான். காகிதம், துணி, நீர்வண்ணம் போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்களில் 50 லக்ஸும், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸும் மேல்வரம்பு என்று உலக ஒளியியல் ஆணையம் 2004-இல் பரிந்துரைத்தது. பட்டாலை என்ற கூடத்தில் மாட்டியிருக்கும் ரவிவர்மா அச்சுப்படங்களும் பாட்டனார் காலப் புகைப்படங்களும் 50 லக்ஸ் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றின் மேல் ராத்திரி பூராவும் ஃபோகஸ் லைட்டைத் திருப்பி வைப்பது அழகுபடுத்துவதாகாது. தவணை முறையில் அழிப்பது அது.

குறைகள் தொடங்கும் இடமும் இதே ஃபோகஸ் லைட்தான்.

முகப்பை எடுத்துக்கொள்வோம். வாசலுக்கு மேலே மதில்சுவரில் கஜலட்சுமி சுதைச் சிற்பம். சூரியன் மேலிருந்து வரும் என்று நம்பிச் செய்த சிற்பம் அது. புருவத்தின் நிழல் கண்ணில் விழுவதால்தான் பார்வை உண்டாகிறது, மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழுவதால்தான் புன்னகை. இப்போது தரையில் பதித்த விளக்கு கீழிருந்து மேலே அடிக்கிறது. தாடையின் அடிப்பக்கம் வெளுத்து, கண்குழி தலைகீழாகி, யானைகளின் துதிக்கை நிழல் வானத்தை நோக்கி நீள்கிறது. சாந்தமான தெய்வ முகம் பேய்ப்படத்து முகமாகிறது. வளவுத் தூண்களுக்கும் இதே கதி. முற்றத்துக் கல்லைத் துளைத்து விளக்கைப் புதைக்கிறார்கள்; மழைநீர் இறங்குவதற்கென்றே அமைந்த இடம் முற்றம். ஐப்பசி அடைமழையில் அந்தக் குழியில் தண்ணீர் நின்றால் விளக்கும் போயிற்று, கல்லும் போயிற்று.

தரையையும் மறந்துவிடுகிறார்கள். ஆத்தங்குடிக் கல்லும் முட்டைப் பூச்சும் கண்ணாடிக்குப் பக்கத்துச் சொந்தம். மேலேயிருந்து கூர்மையான ஸ்பாட் லைட் அடித்தால் கல்லின் பூ தெரியாது, பல்பின் பிம்பம்தான் தெரியும். நடக்க நடக்க அந்தப் பிம்பமும் கூடவே வந்து கண்ணைக் குத்தும். பளபளக்கும் பரப்புகளுக்குப் பெரிய பரப்பிலிருந்து மெதுவாக வரும் வெளிச்சமே பொருந்தும். கொத்தனார்கள் வானத்தையே அப்படிப்பட்ட விளக்காக வைத்துக்கொண்டார்கள். பல இடங்களில் ஒளியமைப்பு இந்தப் பாடத்தைப் படிக்காமல், வெளிநாட்டு ஹோட்டல் கேட்டலாக்கைப் படித்து வருகிறது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு காரணம் இருக்கிறது: இன்றைய ஒளியமைப்பு கேமராவுக்காகச் செய்யப்படுகிறது. செட்டிநாட்டுக்கும் கேமராவுக்கும் பழைய உறவு உண்டு. படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் இரண்டாம் உலகப் போர்க்காலத்தை ஒட்டி காரைக்குடியிலேயே கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. படப்பிடிப்பு விளக்கு வேலை முடிந்ததும் லாரியில் ஏறிப் போய்விடும். ஹோட்டல் விளக்கு அங்கேயே தங்கிவிடுகிறது. அந்தி நேரத்துப் புகைப்படம் ஒன்று அழகாக வந்தால் போதும் என்று அமைத்த வெளிச்சத்தில் மனிதர்கள் ராத்திரி முழுக்கப் புழங்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது மறுபக்கம் சாய்ந்து இருட்டுக்குப் பாட்டுப் பாடிவிடக் கூடாது. நிழலின் அழகைப் பற்றி ஜப்பானிய எழுத்தாளர் ஜுனிச்சிரோ தனிசாகி 1933-இல் எழுதிய நீண்ட கட்டுரையை ஒளியமைப்புப் படிக்கும் மாணவர்கள் பலரும் வாசிக்கிறார்கள். அவர் வீடு கட்ட நினைத்தபோது, அந்தக் கட்டுரையைப் படித்திருப்பதால் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும் என்றாராம் கட்டடக் கலைஞர். அப்படிப்பட்ட வீட்டில் தன்னால் குடியிருக்க முடியாது என்று தனிசாகி மறுத்துவிட்டதாக அவர் மனைவி நினைவுகூர்ந்திருக்கிறார். செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டுக்குப் போனால் அவர் சொன்னதன் நியாயம் புரியும். முகப்பில் விருந்தாளிக்கு வெளிச்சம் தாராளம். அடுப்படியில் புகை படிந்த சுவர், சின்னச் சாளரம். ஆண்கள் கணக்குப் பார்த்த இடத்துக்குக் கிடைத்த ஒளி, ஆச்சிமார்கள் அரிசி புடைத்து, அம்மி அரைத்து, பலகாரம் சுட்ட இடத்துக்குக் கிடைக்கவில்லை. வெளிச்சத்தின் பங்கீட்டிலேயே அதிகாரத்தின் பங்கீடும் தெரிகிறது.

இன்று அந்த வீடுகளில் காவல் இருப்பவர்களும் விசேஷத்துக்கு வந்து சேரும் மூத்தவர்களும் வயதானவர்கள். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேருகிறது. உயரமான நிலைப்படி, செங்குத்தான மாடிப்படி, திடீரென்று இறங்கும் முற்றத்து விளிம்பு, இந்த மூன்றும் பகலிலேயே காலை இடறுபவை. படியின் விளிம்பு தெரிய ஒரு சின்ன விளக்கு, அடுப்படி மேடைக்கு நிழல் விழாத வெளிச்சம், பின்வாசல் கிணற்றடிக்கு ஒரு பல்பு. ஒளியமைப்பு என்ற துறைக்கு இதைவிட மரியாதையான வேலை கிடையாது. ஆனால் பட்ஜெட் போடும்போது முகப்பே பெரும்பங்கைத் தின்றுவிட, இரண்டாங்கட்டைத் தாண்டியதும் பழைய டியூப் லைட்தான் மிஞ்சுகிறது. ஆச்சிமாருக்கு அன்று கிடைக்காத ஒளி, ஹோட்டல் சமையல்கட்டில் நிற்கும் பெண்களுக்கு இன்றும் அரைகுறையாகவே கிடைக்கிறது.

ஹோட்டலாக மாறாத வீடுகளின் சிக்கல் வேறு. அண்ணன் தம்பி மக்கள் பல புள்ளிகளாக, அதாவது தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிந்து, சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வீடு பூட்டிக் கிடக்கும். கல்யாணம், படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று சில நாட்கள் மட்டும் உயிர் பெறும். பிள்ளையார் நோன்பன்று கோடி வேட்டி நூலில் 21 இழை எடுத்துத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரின் வழக்கம். விரல் நுனியில் நிற்கும் அந்தச் சுடரைச் சுற்றி உறவு முழுவதும் கூடியிருக்கும்போது தலைக்கு மேல் 6,500 கெல்வின் டியூப் எரிந்தால் சுடர் இருப்பதே தெரியாது. ஒரு டிம்மர் இருந்தால் தீரும் குறை இது. கல்யாண ராத்திரி பந்திக்கு முழு வெளிச்சம், நோன்புக்கு மங்கல், பூட்டிய நாட்களில் காவல்காரருக்கு இரண்டு பல்பு. மூன்று நிலைகளுக்கும் தனித்தனி ஸ்விட்ச் வரிசை போட்டுத் தரும் எலக்ட்ரீஷியன், அலங்கார விளக்குகளில் பணத்தைக் கொட்டும் நிபுணரைவிட வீட்டைப் புரிந்துகொண்டவர்.

நல்ல முன்மாதிரிகள் தூரத்தில் இல்லை. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பு 33-ஆவது ஒழுங்கையில் தன் வீட்டுக்குள் செட்டிநாட்டுத் தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அவற்றுக்கு ஃபோகஸ் போடவில்லை. சிறு முற்றம் ஒன்றின் ஓரத்தில் வானத்து வெளிச்சத்தில் விட்டார். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. ஊர் மாறினாலும் வெயில் வளவில் இறங்கித் திண்ணையில் ஏறும் வித்தை மாறவில்லை; பகலில் பார்க்க மின்விளக்கு தேவைப்படுவதில்லை. வீட்டின் ஒளி, பொருள்களில் இருப்பதைவிட அவற்றின் அமைப்பில் இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கண்ணாடி விளக்குகளை வாங்கிப் போய் மாட்டினால் மட்டும் செட்டிநாடு வந்துவிடாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தேசிய ஒளியமைப்பு விதித்தொகுப்பு 2010-இல் வந்தது. அலுவலகமும் சாலையும் தொழிற்சாலையும் அதில் விரிவாக உண்டு. வளவு வீட்டுக்கு என்ன அளவு என்பதை இந்த மண்ணில்தான் அளந்து சொல்ல வேண்டும். அதற்கு வேண்டிய ஆட்கள் காரைக்குடியிலேயே இருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, சித்திரையிலும் ஆடியிலும் ஐப்பசி மழையிலும் மார்கழியிலும் காலை, உச்சி, அந்தி என்று மூன்று வேளை லக்ஸ் மீட்டரோடு நடந்தால் போதும். முகப்புத் திண்ணை, முற்றம், பட்டாலை, சாமி வீடு, மாடிப்படியின் முதல் படி, அடுப்படி மேடை, கிணற்றடி என்று இடவாரியாகக் குறித்த அட்டவணை கையில் வந்துவிட்டால், வீட்டுக்காரரும் ஒளியமைப்பாளரும் எலக்ட்ரீஷியனும் கேட்டலாக்கை மூடிவைத்துவிட்டு, எந்த இடத்துக்கு எத்தனை லக்ஸ், எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை மணி வரை என்று பேசத் தொடங்கலாம்.