அசோகவனத்தின் வாரிசுகள்

வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பனின் இராவணன் அவளைத் தொடுவதில்லை. பர்ணசாலை நின்ற நிலத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். கம்பன் ஏன் மாற்றினான் என்பதற்குக் கற்பு, சாபம், தமிழ்ப் பண்பாடு என்று அறிஞர்கள் காரணம் சொல்வார்கள். திகில் படம் பார்த்தே வளர்ந்தவனுக்கு அதில் வேறொன்று கண்ணில் படும். கை படாததால் கதை உடம்பை விட்டு மனசுக்குள் இறங்கிவிடுகிறது. அசோகவனத்தில் அவன் வந்து நின்று கெஞ்சுகிறான், மிரட்டுகிறான், திரும்பவும் கெஞ்சுகிறான். இருபது தோள் உள்ளவனுக்கு அவள் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வேண்டியிருக்கிறது. அவள் தரமாட்டேன் என்கிறாள். அந்த மறுப்பு இருக்கும் வரை, காவல் அவன் கையில் இருந்தாலும் பிடி அவளிடம்தான்.

தமிழ்த் திகில் படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கொலை, துப்பு, கொலையாளி யார் என்றே பேச்சு ஓடும். ஆனால் வருஷங்கள் கழித்தும் மனசில் நிற்கும் படங்களை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் இருப்பது இந்த அசோகவன ஏற்பாடுதான். ஒரு கொடியவன், ஒரு பெண், இருவருக்கும் நடுவே காதல் என்றோ பகை என்றோ முழுதாகச் சொல்லிவிட முடியாத ஒரு கட்டு. இப்படிப்பட்ட படம் தேறுமா தேறாதா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். அவனுக்கு அவளிடம் என்ன வேண்டும்? அவன் யார் என்பது அவளுக்கு எப்போது தெரிகிறது, தெரிந்தபின் என்ன செய்கிறாள்? முதல் கேள்விக்கு நம் இயக்குநர்கள் மணிக்கணக்கில் பதில் சொல்வார்கள். இரண்டாவதில்தான் பெரும்பாலும் சறுக்கல்.

1954-இல் ஏவி.எம். தயாரித்து, பின்னாளில் வீணை மேதையாகப் புகழ்பெற்ற எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ இந்த இரண்டாவது கேள்வியிலேயே நூற்றுக்கு நூறு வாங்கிய படம். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டில், படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். 1943-இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த இரவு. செத்தவன் ராஜன், ரேடியோ என்ஜினீயர். ஜாவர் சீதாராமன் நடித்த சி.ஐ.டி. அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் ஒரு ராஜன் வருகிறான். கடைசியில் மனைவி உஷா வாய் திறக்கும்போதுதான் முழு ராஜன் தெரிகிறான். நாட்டு ரகசியத்தை எதிரிக்கு விற்றவன். அவனைக் காதலித்து மணந்தவள் அவள். குண்டு பாய்ந்ததும் அவள் கைத் துப்பாக்கியிலிருந்துதான். பண்டரிபாயின் முகத்தைக் கவனித்தால் ஒன்று புரியும்: கணவன் துரோகி என்று தெரிந்த பிறகும் காதல் போகவில்லை. காதலும் தீர்ப்பும் ஒரே நெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. எழுபது ஆண்டுக்கு முன்பு ஒரு தமிழ்ப் படம் மனைவிக்கு இவ்வளவு மனசு கொடுத்திருக்கிறது என்பதை நினைத்தால், பின்னால் வந்த பல நாயகிகளைப் பார்த்துப் பாவமாக இருக்கிறது.

‘புதிய பறவை’ (1964) இந்த ஏற்பாட்டையே தலைகீழாகக் கவிழ்த்தது. தாதா மிராசி இயக்கம், சிவாஜியின் சொந்தத் தயாரிப்பு. கப்பலில் சந்தித்த லதாவைக் கோபால் காதலிக்கிறான். முதல் மனைவி சித்ரா இறந்துபோனவள். அப்படியிருக்க ஒருத்தி வந்து, நான்தான் சித்ரா என்கிறாள். அவள் சித்ரா இல்லை என்று நிரூபிக்கப் போய், சித்ரா எப்படிச் செத்தாள் என்பதைக் கோபாலே தன் வாயால் கொட்டிவிடுகிறான். அப்போதுதான் தெரிகிறது, லதா போலீஸ். காதலே வலையாக விரிக்கப்பட்டது. கோபாலை வில்லன் என்று சொல்ல நாக்கு கூசும். ஆனால் குற்றவாளி அவன்தான். இங்கே சிறை வைத்தவள் அவள், சிறைப்பட்டவன் அவன். வலை விரிக்க வந்தவளே வலையில் விழுந்ததுதான் படத்தின் உச்சம். நடிக்க வந்த காதல் நிஜமாகிவிட்டது என்று லதா சொல்லும்போது சரோஜாதேவியின் கொஞ்சல் குரல் எங்கோ போய்விட்டிருக்கும். சிவாஜியின் அந்தக் கடைசி நடிப்பை எல்லோரும் பேசிப் பேசித் தீர்த்துவிட்டார்கள். லதாவின் நிலைமையை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

எழுபதுகளில் வீடு திகிலின் களமானது. சுஜாதாவின் ‘காயத்ரி’ 1977-இல் படமாக வந்தது. படுக்கையறையை ரகசியமாகப் படம்பிடித்து விற்கும் கணவனாக ரஜினி. அடுத்த ஆண்டு பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’. இரண்டிலும் மனைவி ஸ்ரீதேவி. தாலி கட்டி உள்ளே வந்தவளுக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்து கணவன் யார் என்று தெரியவரும் இந்த வகைக்குப் புகுந்த வீட்டுப் பள்ளி என்று பெயர் வைக்கலாம். ‘சிகப்பு ரோஜாக்கள்’ திகிலூட்டும் வித்தையில் இன்றைக்கும் சளைத்ததல்ல. கறுப்புப் பூனை, பிணம் புதைத்த இடத்தில் பூக்கும் ரோஜா, இளையராஜாவின் பின்னணி இசை எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்துப் பெண்களைத் தனியாக இருட்டில் நடக்க விடாமல் செய்தன. ஆனால் அந்தப் படத்தோடு எனக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. கணவனான திலீப் பெண்களை இரண்டு பட்டியலாகப் பிரிக்கிறான்: கல்யாணத்துக்கு முன்பே கூட வருகிறவர்கள் கெட்டவர்கள், தாலி கேட்ட சாரதா நல்லவள். படம் அவனைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு, அவன் போட்ட பட்டியலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. சாரதா பிழைத்ததற்குக் காரணம் அவள் புத்தியா, அவள் எந்தப் பட்டியலில் இருந்தாள் என்பதா? முடிவில் சிறையில் புத்தி பேதலித்து அவள் பெயரையே பிதற்றுகிறவனை, அவள் வந்து பார்க்கிறாள். அது காதலா, கடமையா, குற்ற உணர்ச்சியா என்று படம் அவளைக் கேட்கவே இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வைப்பது, திகில் படம் என்று யாரும் பட்டியலில் சேர்க்காத ஒன்றை. கே. பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ (1976). ஏரி, படகு, மூன்று பேர். செல்வியும் பாலாஜியும் காதலர்கள். துடுப்புப் போடுகிறவன் பிரசாத், பாலாஜியின் நண்பன், செல்வி மேல் ஆசை வைத்தவன். பாலாஜி தண்ணீரில் விழுகிறான். செல்வி கதறுகிறாள். பிரசாத்துக்கு நீச்சல் தெரியும், ஆனாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். பிறகு, காதலர்கள் பாதியில் விட்ட பாட்டை எம்.எஸ். விஸ்வநாதனின் கனத்த குரலில் தானே பாடியபடி படகை வலிக்கிறான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஒருவன் ஒன்றும் செய்யாமல் இருந்தே கொலை செய்கிறான். சாட்சி அவள் ஒருத்திதான். வில்லனின் ரகசியம் நாயகி ஒருத்திக்கு மட்டுமே தெரிந்திருப்பது எத்தனை பலமான கட்டு என்பதைத் தமிழில் இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்வதுதான் அபாரம். பிரசாத்தின் தகப்பனை மணந்து, அவன் வீட்டுக்கே சித்தியாக வந்து சேர்கிறாள். ஆசைப்பட்டவளை இனி அம்மா என்று கூப்பிட வேண்டும். கைவிலங்கு, கோர்ட்டு, துப்பாக்கி எதுவும் தேவைப்படவில்லை; ஒரு உறவுச் சொல்லை எடுத்து அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள். மனசாட்சி அவன் உருவத்திலேயே வந்து அவனை எள்ளி நகையாடுகிறது. சித்தி எதிரே நடமாடுகிறாள். செல்வியாக நடித்த ஸ்ரீதேவிக்கு அப்போது பதின்மூன்று வயது என்பதை நினைத்தால் இன்றைய பார்வையில் நெஞ்சு பதறும்; அது வேறு வழக்கு. படத்தின் மூலம் கே. விஸ்வநாத்தின் தெலுங்குப் படம் ‘ஓ சீத கதா’. பெயரிலேயே சீதை.

உறவையே முகமூடியாகப் போட்டுக்கொண்டவன் வஸந்தின் ‘ஆசை’யில் (1995) வரும் மேஜர் மாதவன். மச்சினி யமுனா மேல் கொண்ட ஆசையில் பெண்டாட்டியின் தலையில் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து மூச்சை நிறுத்துகிறான். பிறகு மாமனாரிடம் நல்ல பிள்ளையாக நடந்து நம்பிக்கை சம்பாதிக்கிறான். பிரகாஷ்ராஜ் சிரிக்கும்போதெல்லாம் நமக்கு வயிற்றைப் பிசையும். நமக்குத் தெரிகிறது, யமுனாவுக்குத் தெரியவில்லை. இதனால் பரபரப்பு எகிறியது, உண்மைதான். ஆனால் விலை கொடுத்தவள் யமுனா. படத்தின் பெரும்பகுதியில் இரண்டு ஆண்கள் போட்டியிடும் பரிசாகவே அவள் நிற்கிறாள்.

இனி நேரடியாக அசோகவனத்துக்கு வருவோம். பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980), சந்தான பாரதியின் ‘குணா’ (1991), செல்வராகவனின் ‘காதல் கொண்டேன்’ (2003), மணிரத்னத்தின் ‘ராவணன்’ (2010). நான்கிலும் ஒருவன் ஒருத்தியைக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறான். நான்கிலும் அவள் மனசு தானாக இறங்கி வரட்டும் என்று காத்திருக்கிறான். கம்பன் போட்ட சட்டம் கோடம்பாக்கத்தில் இன்னும் செல்லுபடியாகிறது. இந்தச் சட்டத்தால் ஒரு வசதி, ஒரு ஆபத்து. வசதி, மனப்போராட்டத்துக்கு இடம் கிடைக்கிறது. ஆபத்து, தொடவில்லை என்ற ஒரே தகுதிக்காகக் கடத்தியவனுக்கு உத்தமன் பட்டம் கிடைத்துவிடுகிறது.

‘மூடுபனி’யில் ஜான் ஃபௌல்ஸின் ‘தி கலெக்டர்’ நாவலின் சாயலும் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வின் சாயலும் உண்டு. இளையராஜாவுக்கு நூறாவது படம். பிரதாப் போத்தனின் சந்துரு உரத்துப் பேசமாட்டான். கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, சிறைப்பட்டவளுக்கு முன் பாடுவான். ஷோபாவின் ரேகா அழுது புரண்டு பார்த்துவிட்டு, பிறகு வேறு வழியைப் பிடிக்கிறாள்: அவனோடு அனுசரணையாகப் பேசிப் பார்க்கிறாள். 1973-இல் ஸ்டாக்ஹோம் வங்கி ஒன்றில் நான்கு ஊழியர்கள் ஆறு நாள் பிணையாக இருந்து, வெளியே வந்து கொள்ளையரைக் காட்டிலும் போலீசைக் குறை சொன்னதிலிருந்து ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ என்ற பட்டத்தை எதற்கெடுத்தாலும் ஒட்டுகிறார்கள். உயிர் பிழைக்க ஒருத்தி காட்டும் சாமர்த்தியத்தை நோய் என்று எழுதிவிடுவது சுலபம். ரேகாவின் கனிவில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஷோபா செய்திருப்பதுதான் அந்தப் படத்தின் உயிர். படம் வெளிவந்தபோது அவர் இல்லை.

‘குணா’ திகில் படம் இல்லை, குணா வில்லனும் இல்லை. ஆனால் கடத்தப்பட்டவளின் கண்ணால் பார்த்தால் இரண்டுமே. கொடைக்கானல் குகையில் அவன் கடிதம் சொல்ல, அவள் எழுதுகிறாள். அந்தக் கடிதப் பாட்டை உலகமே கேட்டுவிட்டது. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்து இன்னொரு தலைமுறைக்கும் கொண்டு சேர்த்தது. காட்சியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அவன் கொட்டுவது வெறும் பேச்சு. அதை வாங்கி மெட்டில் போட்டுத் திருப்பித் தருகிறவள் அவள். ஆரம்பத்தில் அவள் சிரிப்பில் கேலி இருக்கிறது. எழுத எழுதக் கேலி கரைகிறது. அந்தச் சில நிமிடம் குகையில் அதிகாரம் அவளிடம் இருக்கிறது. அவன் வைத்த அபிராமி என்ற பெயரை அவள் கடைசியில் தானே ஏற்பது நம்பும்படி இருப்பதற்கு இந்தக் காட்சிதான் காரணம். ‘காதல் கொண்டேன்’ வினோத்துக்கு இப்படி ஒரு காட்சி அமையவில்லை. குழந்தைத் தொழிலாளியாக அவன் பட்ட கொடுமையைக் கேட்டு திவ்யா உருகுகிறாள், அவ்வளவே. மலை விளிம்பில் அவள் பிடித்திருக்கும் கையை அவனே விடுவித்துக்கொள்வது தனுஷுக்குப் பேர் வாங்கித் தந்தது. முடிவெடுக்கும் வேலையைக்கூட வில்லனே அவளுக்காகச் செய்து கொடுத்துவிட்டான். ‘ராவணன்’ ராகினியோ, தன் கோபம் குறைந்துவிடக் கூடாதே என்று கடவுளிடம் மன்றாடுகிறாள். இந்தப் பள்ளியில் இதைவிட நுட்பமான நாயகி மனம் கிடையாது. பாவம், கடத்திய வீரய்யாவைப் பிடிக்க அவள் கணவன் அவளையே தூண்டிலாக்கிவிடுகிறான்.

அமெரிக்கக் கரையில் அளவுகோல் எது என்று கேட்டால் இரண்டைச் சொல்வேன். ஹிட்ச்காக்கின் ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’ (1943): மாமனுக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர், சார்லி. விதவைகளைக் கொல்பவன் அவன் என்பது குடும்பத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்துபோகிறது. அம்மா மனசு உடைந்துவிடுமே என்று அவள் வாயைத் திறக்க முடியவில்லை. ‘மூன்று முடிச்சு’ பார்த்தவர்களுக்கு இந்த மௌனம் அந்நியமாகத் தோன்றாது. இன்னொன்று ஜோனதன் டெம்மியின் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ (1991). துப்பு வேண்டுமென்றால் உன் குழந்தைப் பருவத்தைச் சொல் என்று நாயகியிடம் கேட்கிறான் சிறையிலிருக்கும் லெக்டர். அவளிடம் பேசும் ஆண்கள் பலரும் கேமராவுக்குள் நேராகப் பார்க்கிறார்கள். அவள் மேல் விழும் பார்வை நம் மேல் விழுகிறது. கோப்பைக் கொடுக்கும்போது லெக்டரின் ஒரு விரல் அவள் விரலில் பட்டு விலகும். படம் முழுக்க அவன் அவளைத் தொடுவது அவ்வளவுதான். இதில் ப்ளாஷ்பேக் நாயகிக்குச் சொந்தம், வில்லனுக்கு இல்லை.

நம் மரபில் நேர் எதிர். திலீப்புக்குப் பால்யம் உண்டு, சந்துருவுக்கு உண்டு, வினோத்துக்கு உண்டு. சாரதா, ரேகா, திவ்யாவின் பால்யத்தில் என்ன நடந்தது என்று எந்த இயக்குநருக்கும் அக்கறை இல்லை. அவனுடைய காயத்தைக் கேட்டு இரங்குவதற்கு ஒரு காதாகவே அவளை வைத்திருக்கிறோம். மிஷ்கினின் ‘சைக்கோ’ (2020) பலருக்குக் கசந்ததும் இதனால்தான். தலை வெட்டுகிறவனிடம் அகப்பட்டும், காதலன் வருவான் என்று தாகினி பதறாமல் சொல்லும் இடம் அசல் அசோகவனம். அவளுடைய அந்த நிச்சயம்தான் கொலைகாரனைத் தடுமாற வைக்கிறது. அதே தாகினி பிறகு அவன்மேல் தாயின் இரக்கம் காட்டும்போது, செத்துப்போன பெண்களின் கணக்கை யார் கேட்பது என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி.

சமீபத்து வெற்றிகளான ‘ராட்சசன்’ (2018), ‘போர் தொழில்’ (2023) இரண்டிலும் இந்தச் சிக்கலே கிடையாது. கொலைகாரனுக்கும் போலீசுக்கும் நடுவே போட்டி நடக்கிறது. நாயகி ஓரமாக இருந்துவிட்டுப் போகிறாள். இப்படிக் கத்தரித்துவிட்டதில் படங்கள் விறுவிறுப்பாக இருக்கின்றன, குறை சொல்ல முடியாது. ஆனால் உஷாவைப் போல, செல்வியைப் போல, அவனை முழுக்கத் தெரிந்துகொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணை எழுத இப்போது யாரும் பேனாவை எடுப்பதாகத் தெரியவில்லை.