திட்டமும் சமூகமும்: பல்கலைக்கழக மூலோபாயத் திட்டங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இலங்கைப் பல்கலைக்கழகங்கள் இன்று, பொதுவாக ஐந்தாண்டுக் காலத்தை முன்வைத்து, மூலோபாயத் திட்டங்களைத் தயாரித்து வெளியிடுகின்றன. தூரநோக்கு, பணிக்கூற்று, இலக்குகள், குறிகாட்டிகள் என்னும் ஒழுங்கில் அமையும் இவ்வாவணங்கள் நிருவாகத் தேவைக்காக எழுதப்படுபவை என்றே கருதப்படுகின்றன. அதனால் அவை விமர்சனத்துக்கு உட்படுவது அரிது. எனினும், ஒரு நிறுவனம் தன் எதிர்காலம் பற்றிக் கூறும் கூற்று என்ற வகையில் இவையும் ஊன்றி வாசிக்கப்பட வேண்டிய எழுத்துக்களே. இவ்வெழுத்திற் பேசுவோர் யார், பேசப்படுவோர் யார் என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

இவ்வகை எழுத்தின் தோற்றத்தை முதலில் நோக்குதல் பொருத்தமாகும். படைத்துறையிலும் பின்னர் வணிகத்துறையிலும் வழங்கிய 'மூலோபாயம்' என்னும் கருத்து, 1980களிலேயே உயர்கல்வி பற்றிய எழுத்துக்களில் வலுவாக வேரூன்றியது. அமெரிக்காவில் 1983 இல் ஜோர்ச் கெல்லர் எழுதிய நூல், பல்கலைக்கழகங்கள் நெருக்கடிக் காலத்தில் முன்கூட்டியே சிந்தித்து முடிவெடுக்க வேண்டுமென வற்புறுத்தியது. பிரித்தானியாவில் 1985 இல் வெளிவந்த ஜரட் அறிக்கை துணைவேந்தரை ஒரு நிறுவனத்தின் தலைமை நிறைவேற்றதிகாரியாகவே கண்டது. நிதி சுருங்கிய காலத்தின் குரல் இவ்விரண்டிலும் கேட்கின்றது. இம்மரபிற் பிறந்த ஆவணமாதிரி நம் நாட்டுக்கு வந்தபோது, அதன் மொழியும் உடன்வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயின், நீண்டகாலத் திட்டமிடல் நமக்குப் புதியதன்று. 1942 ஜூலை 1 ஆம் திகதி 904 மாணவருடன் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனைக் குடியிருப்பு, இந்நாட்டில் உயர்கல்விக்கென வகுக்கப்பட்ட மிகப் பெரிய திட்டங்களுள் ஒன்றாகும். நகரமைப்பு அறிஞர் பற்றிக் அபர்குறொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் வரைந்த அமைப்பைக் கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் நிறைவேற்றினார். முதல் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸின் உறுதி இதற்குப் பின்னின்றது. ஹந்தானை மலைச்சரிவையும் மகாவலி கங்கையையும் உளங்கொண்டு எழுந்த அக்கட்டடங்கள் இன்றும் திட்டமிட்டோரின் நுண்ணறிவுக்குச் சான்றாக நிற்கின்றன.

நிலத்தை நன்கறிந்த அத்திட்டம், அந்நிலத்துக்கு வரவிருந்த மனிதரை அதே அளவு அறிந்திருந்ததா? மாணவர் யாவரும் விடுதிகளில் உறைந்து, ஆங்கிலத்திற் கற்று, ஆசிரியருடன் நெருங்கிப் பழகும் ஒரு சிறு சமூகமே அதன் இலட்சியமாக இருந்தது. 1945 இலேயே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்துவிட்டது. பாடசாலைகளிற் சுயமொழிக் கல்வியும் பரவத் தொடங்கியது. அவற்றின் பயனாக, 1960 இல் சிங்களத்திலும் தமிழிலும் கற்ற மாணவர் கலைப்பீடத்திற் புகுந்தனர். மாணவர் தொகை பன்மடங்காகியது, விடுதிகள் நெருக்கடியுற்றன, மொழி, வகுப்பறை, நூலகம் ஆகிய அனைத்தும் ஒருங்கே கேள்விக்குரியனவாயின. இம்மாற்றம் திடீரென வந்ததன்று. அதன் அறிகுறிகள் கிராமப் பாடசாலைகளிற் பதினைந்து ஆண்டுகளாகத் தெரிந்துகொண்டிருந்தன. அப்பாடசாலைகளின் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் திட்டமிடும் மேசையில் இடமிருந்திருப்பின், அது முன்னரே உணரப்பட்டிருக்கும் எனக் கருத இடமுண்டு. எனவே பேராதனை நமக்குத் தரும் பாடம், திட்டமிட்டோர் திறமையற்றவர் என்பதன்று. அறிவு அவர்களுக்கு வெளியேயும் இருந்தது என்பதே அப்பாடம்.

பிற்கால வரலாறு வேறொரு குறையைக் காட்டுகின்றது. 1966, 1972, 1978 ஆகிய ஆண்டுகளில், அதாவது பன்னிரண்டு ஆண்டுக் காலத்துள், மூன்று சட்டங்கள் உயர்கல்வியின் அமைப்பை மாற்றின. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களை ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கியது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் அவற்றை மீண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக்கி, மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ்க் கொணர்ந்தது. 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணம், ஐந்தாண்டு நிறைவதற்குள்ளேயே இம்மாற்றத்துக்கு உட்பட்டது. மேலிருந்து வரும் திட்டத்தை மேலிருந்து வரும் மற்றொரு திட்டமே அழித்துவிடக் கூடும். அதனைத் தமதெனக் காத்துநிற்கும் ஒரு சமூகம் அதற்குப் பின்னால் இல்லாமையே இதற்குக் காரணமாகும்.

1978 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த அமைப்பே இன்றும் அடிப்படையாக உள்ளது. அதன்படி பேரவையில் ஆணைக்குழுவால் நியமிக்கப்படுவோரின் தொகை ஏனைய உறுப்பினரின் தொகையிலும் ஒன்று கூடுதலாகும். மூதவை பேராசிரியர், துறைத்தலைவர் முதலியோரையும் ஆசிரியப் பிரதிநிதிகளையும் கொண்டது. மாணவருக்குச் சட்டம் வழங்கும் இடம் பீடச் சபையிற் பீடமொன்றுக்கு இருவர் என்ற அளவிலேயே நிற்கின்றது. கல்விசாரா ஊழியருக்குப் பேரவையிலோ மூதவையிலோ தெரிவுசெய்யப்பட்ட பிரதிநிதித்துவம் குறிக்கப்படவில்லை. நீண்டகாலத் திட்டத்தை அங்கீகரிக்கும் அவைகளின் நிலை இதுவாயின், சமூகத்தின் பங்கேற்பு என்பது சட்டத்துக்கு அப்பால், பல்கலைக்கழகம் தானே விரும்பி உருவாக்க வேண்டிய ஒன்றாகின்றது.

இங்கேதான் திட்டங்களின் மொழி நம் கவனத்தை ஈர்க்கின்றது. இவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே சிந்திக்கப்பட்டு, ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. தமிழில் விரிவுரை கேட்கும் மாணவனும், ஆய்வுகூடத்தில் முப்பதாண்டு பணிபுரிந்த ஊழியரும் தம்மைப் பற்றிய திட்டத்தைத் தம் மொழியில் வாசிக்க இயலாதிருப்பின், அவர்களிடம் கருத்துக் கேட்பது சடங்காகவே முடியும். தமிழாக்கம் நிகழுமிடத்தும் சிக்கல் உண்டு. பல்கலைக்கழகச் சமூகத்தினர் சிலவேளை 'பங்குதாரர்' எனக் குறிக்கப்படுகின்றனர். பங்குதாரர் என்பார் முதலிட்டு இலாபத்திற் பங்குபெறுவோர். ஆசிரியனும் மாணவனும் அத்தகையோரல்லர். சொல் பிழைக்குமிடத்து உறவும் பிழைக்கின்றது.

பங்கேற்பை விரிவுபடுத்துவதற்கு எதிராக இரு வாதங்கள் கூறப்படுவதுண்டு. பலரைக் கேட்டால் முடிவு தாமதமாகும் என்பது ஒன்று. மூன்று நான்கு ஆண்டுகளில் வெளியேறும் மாணவனுக்கு நீண்டகாலத்தில் என்ன அக்கறை என்பது மற்றொன்று. முதலாவது வாதத்தில் உண்மையுண்டு. நெருக்கடி வேளையில் எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருத்தல் இயலாது. ஆயின் ஐந்தாண்டுத் திட்டம் நெருக்கடி வேளையின் ஆணையன்று. அதனை வகுப்பதிற் சேமிக்கும் மாதங்கள் நிறைவேற்றத்தில் ஆண்டுகளாக இழக்கப்படலாம். இரண்டாவது வாதம் மேலோட்டமானது. மாணவன் மாறுவான்; மாணவர் என்னும் தொகுதி மாறாது நிற்கும். துணைவேந்தரின் பதவிக்காலமும் மூன்றாண்டே என்பதை இவ்வாதத்தைக் கூறுவோர் மறந்துவிடுகின்றனர்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? இலக்குகளை முடிவுசெய்த பின்னர் வரைவைக் காட்டிச் சம்மதம் பெறுவது பங்கேற்பாகாது. எவை பிரச்சினைகள் என்னும் கட்டத்திலேயே துறைகளும் மாணவர் அமைப்புக்களும் ஊழியர் சங்கங்களும் அயற்கிராமங்களும் கேட்கப்படல் வேண்டும். வரைவு மும்மொழியிலும் கிடைத்தல் வேண்டும். ஏற்றுக்கொள்ளப்படாத கருத்துக்கள், ஏற்காமைக்கான காரணங்களுடன் திட்டத்தின் பின்னிணைப்பாக வெளியிடப்படல் வேண்டும். இவற்றுள் மூன்றாவதே மிக இன்றியமையாதது. மாறுபட்ட கருத்து பதிவுபெறும் ஆவணமே அதனைக் கூறியவனுக்கும் சொந்தமாகின்றது.

தமிழிற் 'சூழ்ச்சி' என்னும் சொல் ஒருகாலத்தில் ஆராய்ந்து எண்ணுதலையே குறித்தது. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் அப்பொருளிலேயே ஆளப்படுகின்றது. இன்று அது சதியைக் குறிக்கின்றது. இப்பொருள் மாற்றத்துக்கு மொழியியலார் வேறு விளக்கம் தரலாம். ஆயினும் மூடிய அறையில் நிகழும் எண்ணுதல், வெளியே நிற்பவனுக்குச் சதியாகவே தோன்றும் என்பது அனுபவ உண்மை. நம் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு சீர்திருத்தமும் ஐயத்துடன் எதிர்கொள்ளப்படுவதற்கு மாணவரின் முரட்டுத்தனமே காரணமென்று கூறி அமைதல் எளிது. அவ்வறையின் கதவு யாரால், ஏன் மூடப்பட்டது என வினவுதலே ஆய்வாளரின் கடமையாகும்.