அசையாத ஹாஸ்யம்

ஸினிமாக் கொட்டகை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்தி வைத்த புகைப்படங்களை 'ஸ்டில்' என்று சொல்வது வழக்கம். இதற்குத் தமிழில் நல்ல வார்த்தை ஏற்படவில்லை. ஏற்படாததில் எனக்கு வருத்தமும் இல்லை. ராஜபாளையத்து மில் தொழிலாளி முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் பூக்கட்டும் அம்மாள் வரையில் எல்லோருக்கும் விளங்கிய வார்த்தை அது. ஸ்டில் என்றால் அசையாதது. ஓடுவதும் விழுவதும் எழுந்து மறுபடி விழுவதுமாக இருக்கிற ஹாஸ்யப் படத்துக்கு அசையாத படத்தை மாட்டி ஆள் சேர்ப்பது, வித்துவான் வாயைத் திறந்துகொண்டிருக்கும் போட்டோவைக் காட்டிக் கச்சேரிக்கு அழைப்பது போலத்தான். ஆனாலும் ஜனங்கள் போனார்கள். ஹாலிவுட்காரர்களும் சரி, கோடம்பாக்கத்துக்காரர்களும் சரி, அந்த நம்பிக்கையில்தான் ஆயிரக்கணக்கில் அச்சடித்து அனுப்பினார்கள்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏழு மைல்தான். ஆனால் ஸினிமா விஷயத்தில் இரண்டும் மதுரைக்குப் பிந்தியவை. மதுரையில் ஓடித் தேய்ந்து, கீறலும் ஒட்டுமாக ஆன பிறகே பெட்டி எங்கள் பக்கம் வரும். அதோடு ஸ்டில்களும் வரும். ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் இருக்கிற குண்டூசித் துவாரங்களை எண்ணினால் அது எத்தனை ஊர் பார்த்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் பெட்டியின் முன்னால் நின்று பார்த்து, கதையைத் தாங்களே கட்டிவிடுவார்கள். ஆடிப்பூரத் தேருக்கு வந்த வெளியூர்க் கூட்டத்துக்கு அங்கே நின்று வியாக்கியானம் சொல்வதற்கென்றே சில பையன்கள் உண்டு. பிறகு உள்ளே போய்ப் பார்த்தால், வாசலில் பார்த்த காட்சிகளில் ஒன்றிரண்டு படத்திலேயே இராது! 'நாய் துரத்துகிற ஸீன் எங்கே?' என்று கேட்டு நிர்வாகியோடு சண்டைக்குப் போனவர்களை நான் அறிவேன். ரீலை வெட்டிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வந்ததே அவ்வளவுதான் என்பது பதில்.

பல சமயங்களில் இரண்டு கட்சியும் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஏனென்றால், ஸ்டில் என்பது ஓடுகிற படச்சுருளிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தது அல்ல. அது தனியாக எடுத்த புகைப்படம். காட்சி எடுத்து முடிந்ததும் டைரக்டர் 'கட்' என்பார். எல்லோரும் மூச்சு விடுவதற்குள் ஸ்டில் போட்டோக்காரர் தம் காமிராவைத் தூக்கிக்கொண்டு முன்னே வருவார். 'அப்படியே நில்லுங்கள்' என்பார். நடிகர்கள் சற்று முன் செய்ததை, செய்யாமல், செய்வது போல் நிற்க வேண்டும். ஹாலிவுட்டில் பெரும்பாலும் எட்டங்குலம் பத்தங்குல அளவுக்குப் பெரிய நெகடிவ்விலேயே எடுத்தார்கள்; அதனால்தான் அந்தப் படங்களில் சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெரிகிறது. காட்சியைப் பிறகு படத்திலிருந்து நீக்கிவிட்டாலும் ஸ்டில் விளம்பரக் கட்டில் தங்கிவிடும். வாசலில் இருந்து உள்ளே இல்லாமற்போன நாய் அப்படிப்பட்ட நாயாகவும் இருக்கலாம்.

ஆகவே ஹாஸ்ய ஸ்டில்லைப் பார்க்கும்போது நாம் பார்ப்பது ஹாஸ்யத்தை அல்ல, ஹாஸ்யத்தைப் பற்றி நடிகர் கொண்டிருந்த அபிப்பிராயத்தை. இந்த இடத்தில்தான் நல்ல நடிகரும் மோசமான நடிகரும் பிரிகிறார்கள்.

ஹரால்டு லாயிடை எடுத்துக்கொள்வோம். உயரமான கட்டடத்தின் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குகிற மூக்குக் கண்ணாடி மனிதரைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். 1923-ல் வந்த 'ஸேப்டி லாஸ்ட்' படத்துக் காட்சி அது. அந்தப் படத்தை அறிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஸினிமாவைப் பார்த்தவர்கள் அல்ல என்று பந்தயம் கட்டுவேன். கட்டடங்களின் மொட்டை மாடிமேல் ஒரு சுவரை எழுப்பி, கீழே மெத்தை பரப்பிய மேடை வைத்து, தெரு தெரியும் கோணத்தில் காமிராவை நிறுத்தி எடுத்தார்கள். மெத்தை இருந்தது என்பதால் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதைவிட நம்மைத் திடுக்கிட வைப்பது வேறொன்று. அந்த முள்ளைப் பிடித்திருக்கும் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிடையாது. செயற்கை விரல் வைத்த உறையை மாட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் போனது எப்படி? 1919-ல், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு புகைப்பட நிலையத்தில், விளம்பர ஸ்டில்லுக்காக நின்றபோது! வெடிகுண்டின் திரியில் சிகரெட் பற்றவைப்பது போல் ஒரு வேடிக்கைப் படம். பொய்க் குண்டு என்று நினைத்துக் கொடுத்தது வெடித்துவிட்டது. சில காலம் கண்பார்வையும் மங்கிக் கிடந்தார். ஸ்டில் என்பது அசையாத, ஆபத்தில்லாத சமாசாரம் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த உறைதான் நினைவுக்கு வருகிறது.

கடிகாரப் படம் ஏன் நிற்கிறது? அதில் இருக்கிற வேடிக்கை ஒரு நிலைமை. மனிதன், கடிகாரம், கீழே தெரு. இந்த மூன்றும் சேர்ந்தால் போதும், காலம் ஓட வேண்டியதில்லை. சாப்ளின் 'கோல்டு ரஷ்' (1925) படத்தில் பூட்ஸைச் சமைத்துச் சாப்பிடுகிறாரே, அதுவும் அப்படியே. பூட்ஸ் அதிமதுர மிட்டாயில் செய்ததாம், அது இருக்கட்டும். கயிற்றை முள்கரண்டியில் சுற்றுகிறார், ஆணியைக் கோழி எலும்பு போல் உறிஞ்சுகிறார், முகத்தில் பெரிய விருந்துக்கு வந்தவரின் மரியாதை. அந்த மரியாதை ஒரு நொடியில் பிடிபடும். ஒரு மணி நேரம் பார்த்தாலும் கெடாது. ஆனால் பஸ்டர் கீட்டன்? 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் வீட்டின் முன்சுவர் முழுவதுமாக அவர்மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் ஓட்டை சரியாக அவர் நிற்கிற இடத்தில் வந்து விழ, அவர் நின்றபடி நிற்கிறார். அதன் ஸ்டில்லில் என்ன இருக்கும்? சுவர் விழுமுன் ஒரு மனிதன். அல்லது விழுந்த பின் ஒரு மனிதன். நாம் மூச்சை அடக்கிய அந்த இரண்டு விநாடி எந்த ஸ்டில்லிலும் இல்லை. கீட்டன் லாயிடுக்குக் குறைந்தவர் என்று ஸ்டில்லைப் பார்த்து முடிவு கட்டுகிறவர் பெரிய அநியாயம் செய்கிறார். ஸினிமாவைப் பற்றி எழுதுகிறவர்களிலேயே அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. எழுதுகிறவருக்குக் கையில் கிடைப்பது ஸ்டில். படத்தைத் தேடிப் பார்ப்பது சிரமம்.

நம்மூர்ப் பக்கம் வருவோம். என். எஸ். கிருஷ்ணனின் ஸ்டில்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை. ஒரு சாதாரணக் குடும்பஸ்தர் சந்தோஷமாக இருக்கிறார், அவ்வளவுதான். 'நல்லதம்பி' (1949) படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்கிறவரின் போட்டோவில் காலட்சேபக்காரர் இருக்கிறார், கிந்தனார் இல்லை. கலைவாணர் கலை அவர் தொண்டையிலும், சொல்லை எங்கே நிறுத்துவது என்ற கணக்கிலும் இருந்தது. தங்கவேலுவும் அப்படியே. 'கல்யாண பரிசு' (1959) படத்தில் தாம் எழுத்தாளர் பைரவன் என்று மனைவியிடம் புளுகுகிறாரே (எங்கள் தொழிலுக்கு அதைவிடப் பெரிய மரியாதையை ஸினிமா செய்ததில்லை), அதன் ஸ்டில்லில் ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சந்திரபாபுவின் ஸ்டில்லோ, காலைச் சுளுக்கிக்கொண்டவரைப் பார்ப்பது போல் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர் டி. ஆர். ராமச்சந்திரன். பம்மல் சம்பந்த முதலியார் நாடகத்தை ஏ. வி. மெய்யப்பன் 1941-ல் எடுத்த 'சபாபதி'யில் எஜமானுக்கும் அதே பெயர், வேலைக்காரனுக்கும் அதே பெயர். வேலைக்காரனாகக் காளி என். ரத்னம். எந்த ஸ்டில்லை எடுத்தாலும் ராமச்சந்திரனின் கண்கள் உருண்டு வெளியே வந்துகொண்டிருக்கின்றன. பார்த்தவுடன் சிரித்துவிடுகிறோம். ஆனால் ஐந்து ஸ்டில் பார்த்தால் ஐந்திலும் அதே கண். பக்கத்தில் நிற்கிற ரத்னத்தைப் பாருங்கள்: ஒன்றுமே செய்வதில்லை. எஜமான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்துவிட்ட திருப்தி மட்டும் முகத்தில் இருக்கிறது. போட்டோக்காரர் 'நில்லுங்கள்' என்றபோது ராமச்சந்திரன் நமக்காக நின்றார். ரத்னம் எஜமானுக்காக நின்றார். ரத்னமே பெரிய நடிகர் என்பது என் கட்சி. அதற்கு எனக்கு ஸ்டில்தான் சாட்சி.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்லப் பாலையா கேட்கிற காட்சி இன்னும் ருசியானது. கதை சொல்கிறவர் கையை எப்படி ஆட்டினாலும் அசையாத படத்தில் அது வெறும் கைதான். கேட்கிறவரின் பீதியோ அப்படியே தங்கிவிடுகிறது. பாலையா கண்ணைப் பார்த்தாலே கதை காதில் விழுகிறது. நாகேஷ் அபிமானிகள் என்மேல் கோபிக்க வேண்டாம். படம் ஓடும்போது அந்தக் காட்சி அவருடையதுதான்.

இவ்வளவு நேரம் படமும் இருக்கிறது, ஸ்டில்லும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசினேன். படம் போய்விட்டால்? தமிழின் முதல் பேசும் படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' (1931) பிரதி இன்று இல்லை. தென்னாட்டு மௌனப் படங்களில் மிஞ்சியது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். பழைய சுருள்களில் இருந்த வெள்ளிக்காகவே அவற்றை உருக்கியவர்கள் நம் தேசத்தில் உண்டு. ஸ்டில்லை உருக்கி என்ன கிடைக்கும்? அதனால் பரணில் தப்பித்தது.

அப்படித் தப்பித்தவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். அவரே காமிரா பிடித்தவர். 'பிலிம் நியூஸ்' பத்திரிகைக்குப் படங்கள் கொடுத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு படத்துக்கும் ஸ்டில், பாட்டுப் புத்தகம், நடித்தவர் பெயர், வெளிவந்த தேதி என்று ஆயுள் முழுவதும் சேர்த்தார். தமிழக அரசு அந்தச் சேகரிப்பை வாங்கியது. அவர் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாறு 2004-ல் புத்தகமாக வந்தது. 2016 மார்ச்சில், புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி. கே. நாயர் 4-ந் தேதி காலமானார். ஆனந்தன் 21-ந் தேதி.

அமெரிக்காவில் ஆஸ்கார் பரிசு கொடுக்கிற அகாடமியின் மார்கரெட் ஹெரிக் நூலகத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் இருக்கின்றன. மாக் ஸென்னட்டின் ஹாஸ்யக் கம்பெனி ஸ்டில்களும் காகிதங்களும் அங்கேதான். அவற்றை அடையாளம் காண முடிவதற்குக் காரணம், ஸ்டுடியோக்கள் நெகடிவ்விலேயே ஒரு மூலையில் படத்தின் எண்ணையும் ஸ்டில்லின் எண்ணையும் எழுதிவிட்டதும், பின்புறத்தில் விவரச் சீட்டு ஒட்டியதும்தான். நம் ஸ்டில்களின் பின்புறம் பெரும்பாலும் வெறுமை. கலைவாணர் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் நாலு பேர் யார் என்று சொல்ல ஆனந்தன் இருந்தவரை ஆனந்தனைக் கேட்டார்கள். நல்ல சேகரிப்பு என்பது முகங்களின் குவியல் அல்ல. பின்புறத்தில் எழுதியிருப்பதும் சேர்ந்ததுதான். டைட்டிலில் 'ஸ்டில்ஸ்: ஆர். என். நாகராஜ ராவ்' என்று பல படங்களில் பார்த்திருக்கிறோம். அவர் எடுத்த புகைப்படத்தை அச்சிடுகிற பத்திரிகைகள் அவர் பெயரைப் போடுவது அபூர்வம்.

லாரல்–ஹார்டி ஜோடியின் 'ஹாட்ஸ் ஆப்' (1927) என்ற மௌனப் படமும் தொலைந்து போனவற்றில் ஒன்று. துணி துவைக்கும் யந்திரத்தை இரண்டு பேரும் ஒரு நீண்ட படிக்கட்டின் மேல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கடைசியில் தெருவில் எல்லோரும் எல்லோருடைய தொப்பியையும் தட்டிவிடுகிறார்கள். மிஞ்சியிருப்பவை ஸ்டில்கள்தான். அதே யோசனையை, யந்திரத்துக்குப் பதில் பியானோவை வைத்து, 1932-ல் 'மியூஸிக் பாக்ஸ்' என்று எடுத்து ஆஸ்கார் வாங்கினார்கள். ரஸிகர்கள் 'ஹாட்ஸ் ஆப்' ஸ்டில்களை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கி, யந்திரம் எந்தப் படியில் எத்தனை தடவை உருண்டிருக்கும் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ராஜபாளையத்துக் கொட்டகை வாசலில் நடந்த அதே விவாதம். லாஸ் ஏஞ்சல்ஸில் அந்தப் படிக்கட்டு இன்னும் இருக்கிறது. 130-க்கு மேல் படிகள். ஏறிப் பார்க்க வருகிறவர்கள் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.