இரண்டரையைத் தாண்டினால் நோயா?

கருவுற்ற பெண் ஒருத்தியின் இரத்தப் பரிசோதனைத் தாளை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஹீமோகுளோபின், சர்க்கரை, இரத்த வகை எல்லாவற்றுக்கும் கீழே டி.எஸ்.எச். என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேராக 3.4 என்றோ 3.8 என்றோ ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். ஓரத்தில், 'முதல் மூன்று மாதம்: 0.1 – 2.5' என்று அளவு குறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவுதான், அன்று மாலைக்குள் வீடு முழுவதும் செய்தி பரவிவிடும். "தைராய்டு வந்துவிட்டதாம், பிள்ளைக்கு மூளை வளராதாம்" என்று அத்தைமார் கவலைப்படத் தொடங்கிவிடுவார்கள்.

நூல்களுக்கும் நாடகங்களுக்கும் திறனாய்வு எழுதுகிறோம். எத்தனையோ தாய்மார்களை நோயாளிகள் ஆக்கிய ஓர் எண்ணுக்கும் எழுதலாம் அல்லவா? இந்த 2.5 எங்கிருந்து வந்தது, அதன் தகுதி என்ன, அது செய்த நன்மை தீமை யாவை என்று பார்ப்போம்.

முதலில் உடலியல் சிறிது. கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டுச் சுரப்பி தைராக்சின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அதற்கு ஆணையிடுவது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி. அந்த ஆணையின் பெயர்தான் டி.எஸ்.எச்.; தைராய்டு ஊக்கி என்று தமிழில் சொல்லலாம். இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் பிட்யூட்டரி உரக்கக் கத்தும். ஊக்கியின் அளவு ஏறும். தைராக்சின் கூடினால் அது அடங்கிவிடும். தைராக்சின் சிறிதளவு மாறினாலும் ஊக்கி பன்மடங்கு மாறும் என்பதால்தான் மருத்துவர்கள் முதலில் ஊக்கியை அளக்கிறார்கள்.

கருத்தரித்தவுடன் இந்த ஒழுங்கு கலைகிறது. நஞ்சுக்கொடித் திசு சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் இயக்குநீர் அமைப்பில் ஊக்கியை ஒத்திருப்பதால், தைராய்டு அதையும் ஆணையாக எடுத்துக்கொண்டு கூடுதலாக வேலை செய்கிறது. பிட்யூட்டரி தன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. ஆகவே முதல் மூன்று மாதங்களில் ஊக்கி சற்றுக் குறைந்தே இருக்கும். பத்தாவது வாரத்தை ஒட்டி அது தாழ்நிலையை அடையும். கருவுறாத பெண்ணின் அளவுகோலைக் கர்ப்பிணிக்கு அப்படியே பொருத்துவது சரியன்று என்பதில் ஐயமில்லை. எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதே கேள்வி.

குழந்தையின் பங்கையும் நினைவில் கொள்ளுங்கள். கருவின் தைராய்டு ஏறத்தாழ 12 வாரத்திற்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது. போதிய அளவு சுரப்பதற்கு இன்னும் பல வாரங்கள் ஆகும். அதுவரை கருவின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்சின் தாயிடமிருந்தே வரவேண்டும். இது மறுக்க முடியாத உண்மை. அச்சம் பிறந்ததும் இந்த உண்மையிலிருந்துதான்.

அந்த அச்சத்துக்கு எண் வடிவம் தந்தது 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. ஹாடோ என்பவரும் அவருடைய குழுவினரும் மெய்ன் மாநிலத்தில், சேமித்து வைக்கப்பட்டிருந்த 25,216 கர்ப்பிணிகளின் இரத்த மாதிரிகளைச் சோதித்து, தைராய்டு குறைவு உள்ள 62 தாய்மார்களைக் கண்டறிந்தனர். இவர்களின் குழந்தைகள் ஏழெட்டு வயதை எட்டியபின் அறிவுத்திறன் சோதனை நடத்தினர். கர்ப்பகாலத்தில் சிகிச்சை பெறாத 48 தாய்மாரின் குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிடச் சராசரியாக 7 புள்ளி குறைவாகப் பெற்றனர். அவர்களில் 19 விழுக்காட்டினர் 85 அல்லது அதற்கும் கீழே இருந்தனர். மற்றக் குழந்தைகளில் அது 5 விழுக்காடுதான்.

சிறந்த ஆய்வு; பொறுமையாகச் செய்யப்பட்டது. ஆனால் இதை மேற்கோள் காட்டும் துண்டுப் பிரசுரங்கள் ஒரு செய்தியை விட்டுவிடுகின்றன. அந்தத் தாய்மார்களின் ஊக்கி அளவு 3.4 அன்று, சராசரி 13ஐ ஒட்டி இருந்தது. இருபத்தையாயிரம் பேரில் மிக உயர்ந்த அளவு கொண்ட சிலரைப் பற்றிய முடிவை, நாலில் ஒருத்திக்கோ மூன்றில் ஒருத்திக்கோ பொருத்துவது எந்தக் கணக்கில் சேரும்?

இப்போது நம் எண்ணுக்கு வருவோம். 2011இல் அமெரிக்கத் தைராய்டு சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, முதல் மூன்று மாதங்களில் மேல் எல்லை 2.5 என்றும், பின்னர் 3.0 என்றும் குறித்தது. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. இத்தாலியில் நீக்ரோ என்பவரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், 2.5க்கும் 5க்கும் இடைப்பட்ட பெண்களில் கரு இழப்பு 6.1 விழுக்காடாகவும், 2.5க்குக் கீழ்ப்பட்டவர்களில் 3.6 விழுக்காடாகவும் இருந்தது. ஒதுக்கித் தள்ளக்கூடிய வேறுபாடு அன்று இது. ஆயினும் மாத்திரை கொடுத்தால் அந்த இழப்பு குறையும் என்பதை இவ்வாய்வு காட்டவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்று மட்டுமே காட்டிற்று.

அந்த வழிகாட்டியை முழுமையாகப் படித்தால் நமக்கு வியப்பு காத்திருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் தன் மக்களிடம் கண்டறிந்த அளவையே முதலில் பயன்படுத்த வேண்டும் என்கிறது அது. அப்படி ஓர் அளவு கிடைக்காத இடத்தில்தான் 2.5ஐக் கொள்ள வேண்டும். தைராக்சின் இயல்பாக இருந்து, ஊக்கி மட்டும் சற்று ஏறியுள்ள பெண்ணுக்குத் தைராய்டு எதிர்ப்பொருளும் இல்லையெனில், மருந்து கொடுக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றும் அது கூறிற்று. இந்த 'இல்லையெனில்'கள் எல்லாம் கப்பலேறி வரும் வழியில் கடலில் விழுந்துவிட்டன போலும். எண் மட்டும் பத்திரமாகக் கரை சேர்ந்து, ஆய்வுக்கூடங்களின் அச்சுத்தாளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நம் நாட்டுக்குச் சொந்த அளவு இல்லாமலா இருந்தது? 2008ஆம் ஆண்டிலேயே மார்வாஹா குழுவினர் இயல்பான இந்தியக் கர்ப்பிணிகளை ஆராய்ந்து, முதல் மூன்று மாதங்களில் ஊக்கி 0.6 முதல் 5.0 வரை இருப்பதாக வெளியிட்டிருந்தனர். சில நூறு பெண்களைக் கொண்ட ஆய்வு அது. நாடு முழுவதற்கும் அதுவே போதும் என்று வாதிட முடியாது. ஆனால் வேறு கண்டத்து எண்ணைவிட நமக்கு நெருக்கமான எண் அல்லவா? இருந்தும் 2014 டிசம்பரில் நம் நடுவண் நலத்துறை வெளியிட்ட வழிகாட்டி, 2.5, 3 என்ற எண்களையே எடுத்துக்கொண்டது.

விளைவு என்ன? நாட்டின் பல பகுதிகளில் நடத்தி 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 4.5 என்று எல்லை வகுத்தால் கர்ப்பிணிகளில் சுமார் 13 விழுக்காட்டினர் தைராய்டு குறைவுள்ளவர்கள். அமெரிக்க எல்லையைக் கொண்டால் அதே பெண்களில் சுமார் 44 விழுக்காட்டினர்! சீனத்திலும் இதே கதைதான்: 2014இல் வெளியான ஆய்வில், தங்கள் நாட்டு அளவுப்படி 4 விழுக்காடாக இருந்தது, 2.5 என்ற கோட்டை இட்டதும் 27.8 விழுக்காடாகப் பெருகிவிட்டது. ஒரு நாட்டின் தாய்மார்களில் பாதிப்பேர் நோயாளிகள் என்று ஓர் அளவுகோல் சொன்னால், முதலில் ஐயுற வேண்டியது தாய்மார்களையா, அளவுகோலையா?

"இருக்கட்டுமே, சிறு மாத்திரைதானே, கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சீட்டுக் குலுக்கல்போல் இரு கூறாக்கிச் செய்த சோதனைகள்தாம் இதற்கு விடை தரமுடியும். பிரிட்டனிலும் இத்தாலியிலும் 21,846 கர்ப்பிணிகளிடம் இரத்தம் எடுத்து லாசரஸ் குழுவினர் நடத்திய சோதனை 2012இல் வெளியானது. சிகிச்சை பெற்ற தாய்மாரின் குழந்தைகள் மூன்று வயதில் சராசரியாக 99.2 புள்ளியும், பெறாத தாய்மாரின் குழந்தைகள் 100 புள்ளியும் பெற்றனர். அமெரிக்காவில் 97,228 பெண்களைச் சோதித்து, கேசி குழுவினர் 2017இல் வெளியிட்ட முடிவும் ஏறத்தாழ இதுவே: ஐந்து வயதில், மருந்து உண்டவர்களின் குழந்தைகளுக்கு 97, வெற்று மாத்திரை உண்டவர்களின் குழந்தைகளுக்கு 94, இந்த 3 புள்ளி வேறுபாடு தற்செயலுக்கு உட்பட்டதே என்று புள்ளியியல் கூறிற்று.

இந்தச் சோதனைகளையும் அப்படியே விழுங்கிவிடக்கூடாது. முதலாவதில் மருந்து தொடங்கியது 13 வாரம் கடந்தபின். இரண்டாவதில் சராசரியாக 17 வாரத்தை ஒட்டி. தாயின் தைராக்சினையே கரு நம்பியிருக்கும் காலம் பெரும்பாலும் கழிந்த பிறகு மருந்து கொடுத்துவிட்டு, மருந்தால் பயனில்லை என்று எப்படி அறுதியிட்டுச் சொல்வது? என் கணிப்பில் இது வலுவான எதிர்வாதம். முதல் சில வாரங்களுக்குள் மருந்தைத் தொடங்கி ஒரு பெரிய சோதனை நடத்துவது எளிதன்று. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே அப்போதுதான் அறிகிறார்கள். அதுவரை 3.4 அளவுள்ள பெண்ணுக்கு மாத்திரையால் கட்டாயம் நன்மை என்று சொல்லவும் இடமில்லை; இதை அவளிடமும் சொல்வதே முறை.

மாத்திரை முற்றிலும் தீங்கற்றது என்பதும் முழு உண்மையன்று. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 3,839 தாய்-சேய் இணைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, தாயின் தைராக்சின் குறைந்தாலும் குழந்தையின் அறிவுத்திறன் புள்ளி குறைகிறது. அளவுக்கு மிஞ்சினாலும் குறைகிறது. 2017இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு 5,405 பெண்களின் பதிவுகளைப் பார்த்தது. மருந்து பெற்றவர்களில் கரு இழப்பு குறைவு. ஆனால் அந்த நன்மை ஊக்கி 4க்கு மேற்பட்டவர்களிடமே தெரிந்தது. குறைமாதப் பிரசவமும் கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் மருந்து பெற்றவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன. எதிர்ப்பொருள் இருந்தும் தைராய்டு இயல்பாகச் செயல்படும் பெண்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் சோதனை 2019இல் வெளிவந்தது; உயிருடன் குழந்தை பெற்றவர்கள் ஒரு பக்கம் 37.4, மறு பக்கம் 37.9 விழுக்காடு.

இவற்றில் சில வெளியாகுமுன்பே எண்ணின் ஆட்சி முடிந்துவிட்டது. 2017இல் அமெரிக்கத் தைராய்டு சங்கமே தன் வழிகாட்டியைத் திருத்தி எழுதியது. உள்ளூர் அளவு இல்லாத இடத்தில், முதல் மூன்று மாதங்களின் மேல் எல்லையை 4.0 என்று கொள்ளலாம் என்றது. எதிர்ப்பொருள் உள்ள பெண்ணுக்கு மட்டும் 2.5க்கு மேல் சென்றால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம் என்றது. தான் வகுத்த கோட்டைத் தானே அழித்து எழுதுவது அறிவியலுக்கு இழுக்கன்று. பழைய கோடு நம் அச்சுத்தாள்களில் இன்னும் அழியாமல் கிடந்தால், அதற்கு அறிவியலைக் குறை கூறுவதில் பயனில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்! எல்லைக்கோட்டைப் பற்றிய சர்ச்சை வேறு, உண்மையான தைராய்டு குறைவு வேறு. ஊக்கி 10ஐத் தாண்டியவர்கள், தைராக்சினே குறைந்துவிட்டவர்கள், கருவுறுமுன்பே மாத்திரை உண்டு வருபவர்கள் ஆகியோருக்கு மருந்து இன்றியமையாதது. அதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடே இல்லை. எனினும் "கர்ப்பத்தில் மருந்து கூடாது" என்ற பொதுவான பயத்தால் பல ஆண்டுகளாக உண்டுவந்த தைராக்சினை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. 3.4க்கு அஞ்சும் அதே சமூகம் இந்த உண்மையான ஆபத்தைக் கவனிப்பதில்லை. தைராக்சின் மாத்திரை உடல் தானே சுரக்கும் பொருள்தான்; குறையை நிரப்புவதே அதன் வேலை.

இப்பெண்கள் நிறுத்துவது இருக்கட்டும், கூட்டியல்லவா உண்ண வேண்டியிருக்கிறது! அலெக்சாண்டர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 20 கர்ப்பங்களில் 17இல் மருந்தின் தேவை கூடிற்று. கர்ப்பத்தின் முதற்பாதியில் சராசரியாக 47 விழுக்காடு. ஐந்தாவது வாரத்திலேயே இந்த ஏற்றம் தொடங்கிவிடுகிறது. அதனால்தான், கருவுற்றது தெரிந்தவுடன் வாரத்திற்கு 7 மாத்திரைக்குப் பதிலாக 9 உண்ணுமாறு முன்னதாகவே சொல்லி வைக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அதன்பின் கர்ப்பத்தின் பாதிவரை நான்கு வாரத்திற்கு ஒருமுறையும், 30ஆவது வாரத்தை ஒட்டி ஒருமுறையும் இரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் தவறாமல் தரப்படுகின்றன. மறந்துவிடக் கூடாதென்று மூன்றையும் சேர்த்துக் காலையிலேயே விழுங்கிவிடுவார்கள். இரும்பும் கால்சியமும் குடலில் தைராக்சினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்துவிடும். நான்கு மணி நேர இடைவெளியாவது வேண்டும். ஊக்கி இறங்கவில்லையே என்று மாத்திரையின் அளவைக் கூட்டுமுன், அதை எப்போது, எதனுடன் உண்டாள் என்று கேட்பது மேல். முட்டைக்கோசையும் காலிஃபிளவரையும் விலக்கச் சொல்லும் அறிவுரைக்கு அத்தனை முக்கியத்துவம் இல்லை. சமைத்து அளவோடு உண்டால், அயோடின் போதிய அளவு கிடைக்கும் உடலுக்கு அவற்றால் கேடில்லை. அயோடின் கலந்த உப்பு மட்டும் அவசியம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பிரசவம் ஆனவுடன் தேவை பழைய நிலைக்கு இறங்கிவிடும். முன்பே மாத்திரை உண்டு வந்தவர்கள் கர்ப்பத்திற்கு முந்திய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரம் கழித்து இரத்தம் பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. கர்ப்பகாலத்தில் முதன்முதலாக 25 அல்லது 50 மைக்ரோகிராம் தொடங்கப்பட்டவர்களில் பலருக்குப் பிரசவத்துக்குப் பின் அது தேவைப்படாமலும் போகலாம். நிறுத்திப் பார்த்து, ஆறாவது வாரத்தில் சோதிக்கலாம் என்று 2017ஆம் ஆண்டு வழிகாட்டியே கூறுகிறது. ஆனால் பிரசவம் பார்த்தவர் வேறு, மாத்திரை எழுதியவர் வேறு என்றாகி, யாரும் நிறுத்தச் சொல்லாததாலேயே பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை மாத்திரையைத் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால், பழைய பரிசோதனைத் தாளைத் தேடி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். முதன்முதலில் அதில் எழுதியிருந்த எண் என்ன என்பதை அவரே பார்க்கட்டும்.