‘ஆல்’ உருபு இல்லாத சுரங்கங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள். நீலகிரி மலை ரயிலைப் பற்றிய எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் இந்த எண்கள் வந்து நிற்கும். கூடவே தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பல்சட்டம், கல்லாறிலிருந்து குன்னூர் வரை பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும் என்ஜின், பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் சரிவு. பிறகு ஆண்டுகள்: 1891இல் வேலை தொடங்கியது, கம்பெனி நொடித்தது, 1899இல் குன்னூர், 1908இல் ஊட்டி.

நான் இவற்றை ரசித்தே படிக்கிறேன். என்ஜினை நேசிப்பவர்கள் எழுதியவை. ஒரு பற்சக்கரத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிற பொறுமை நம் இலக்கிய விமர்சகர்களுக்குக்கூட இல்லை. ஆனால் இலக்கணம் நடத்துகிறவளுக்கு ஒன்று உறுத்துகிறது. இந்தப் புத்தகங்கள் ஆங்கிலமானாலும் தமிழானாலும் செயப்பாட்டு வினையில்தான் மலையேறுகின்றன. பாறை வெட்டப்பட்டது. சுரங்கம் குடையப்பட்டது. பாதை போடப்பட்டது. செயப்பாட்டு வினையில் செய்தவர் ‘ஆல்’ உருபு ஏற்று நிற்க வேண்டும். பொறியாளருக்கு அந்த உருபு கிடைக்கிறது: ரிக்கன்பாக்கால் திட்டமிடப்பட்டது. அடிக்கல்லுக்குக் கவர்னர் இருக்கிறார். குடைந்தவருக்கு மட்டும் உருபும் இல்லை, பெயரும் இல்லை.

பழக்கம் பழையது. டபிள்யூ. பிரான்சிஸின் நீலகிரி மாவட்ட கெசட்டியர், ரயில் ஊட்டியை எட்டிய அதே 1908இல் வெளிவந்தது. அதில் ரயிலின் கதை என்பது கம்பெனிகளின் கதை. பின்னால் வந்தவர்களும் அந்தத் தடத்தைவிட்டு இறங்கவில்லை.

பெண் வரவே மாட்டாளா? டார்ஜிலிங்கில் வருகிறாள். அந்த ரயில் முன்னும் பின்னுமாக நகர்ந்து மலையேறும் உத்தியைப் பற்றி ஒரு கதை உண்டு. வழி தெரியாமல் திகைத்தவரிடம் மனைவி, முன்னால் போக முடியாவிட்டால் பின்னால் வந்து பாருங்களேன் என்றாளாம். சொல்பவருக்கேற்ப கணவர் மாறுகிறார். அவளுக்குப் பெயரே கிடையாது. ஒரு பொறியியல் யோசனை பெண் வாயிலிருந்து வந்தால் அது விருந்து மேசைத் துணுக்காகிவிடுகிறது.

பெயரோடு ஒருத்தி இருக்கிறாள். பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையிலான போர் காட் மலைப்பாதை ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859இல் இந்தியா வந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். ஒப்பந்தத்தை அவர் மனைவி ஆலிஸ் ஏற்றார். 1863இல் பாதை திறக்கப்பட்டது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவளுக்குப் பெயர் கிடைத்தது ஒப்பந்தம் கையில் இருந்ததால். அதே மலையில் மண் சுமந்தவள் அங்கும் கூட்டத்தில் ஒருத்திதான். ஆகவே, “ஒரு பெண்ணாவது இருக்கிறாளே” என்று நாம் திருப்திப்பட முடியாது.

இயன் கெர் 1995இல் எழுதிய, காலனிய ரயில்பாதைகள் கட்டப்பட்ட கதையைச் சொல்லும் நூல் இங்கேதான் எனக்கு முக்கியமாகிறது. அவர் என்ஜினை விட்டுவிட்டுக் கூலியைப் பார்க்கிறார். குடும்பமாக வேலைக்கு வந்தார்கள். ஆண் வெட்டினான், பெண்ணும் பிள்ளைகளும் கூடையில் மண் சுமந்தார்கள். பெண்ணுக்குக் கூலி குறைவு. நீலகிரியில் மட்டும் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

2005இல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. எது பாரம்பரியம் என்று பயணிக்கு இப்போது இந்தப் புத்தகங்கள்தான் சொல்லிக்கொடுக்கின்றன. அவற்றில் இல்லாதவள் பாரம்பரியத்திலும் இல்லை.

ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித் துறையின் ரயில்வே நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. கவர்னர் கடிதங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, கூலி விகிதம் வரும் பக்கத்தில் நில்லுங்கள். ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று எங்கே எழுதியிருந்தாலும், அந்த வரியில் அவள் எழுவாய்க்கு மிக அருகில் நிற்கிறாள்.