துண்டை விலக்கிய முன்சீப்

குந்தாரப்பள்ளிச் சந்தையைப் போன்ற ஆட்டுச் சந்தைகளிலே பழைய வழக்கம் ஒன்று உண்டு. தரகரும் வாங்குவோரும் துண்டுக்குள் கைநுழைத்து, விரலைப் பற்றி விலை பேசுவர். சுற்றி நிற்போர்க்கு ஒன்றும் விளங்காது. சில வேளை, ஆட்டை வளர்த்தவனுக்கே விளங்காது!

நீதிமன்றம் மட்டும் வேறா? நிலம் உழவனுடையது, வழக்கு அவனுடையது, தோற்றால் தெருவில் நிற்பவனும் அவனே. ஆயினும் வாதமும் தீர்ப்பும் ஆங்கிலம் என்னும் துண்டுக்குள்ளே நடந்து முடிந்துவிடுகின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இந்த எல்லைச் சீமையிலே அவன் மூன்று மொழியும் பேசுவான். அவன் விதியை எழுதும் மொழியோ நான்காவது!

அந்தத் துண்டை விலக்க முனைந்தார் ஒருவர், நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே. அவர்தாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). முதல் தமிழ் நாவலாசிரியர் என்று அவரைப் பாடநூல் புகழ்கிறது. ஆனால் நாவல் பிறப்பதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே அவர் ஆற்றிய அருஞ்செயலைப் பற்றி ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியைத்தான் நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

திருச்சி நீதிமன்றத்திலே ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர் அவர். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்பு சீர்காழி, மாயூரம். கட்டுக்கட்டான வழக்குத் தாள்களுக்கிடையே அவர் வாழ்ந்தார். அங்கே அவர் கண்டதென்ன? சட்டம் மக்களுக்காக, சட்டத்தின் பொருளோ சிலருக்காக! 1805 முதல் 1861 வரை சென்னை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் திரட்டினார், தமிழாக்கினார், ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். அதே 1862இல்தான் சதர் நீதிமன்றம் மறைந்து, சென்னை உயர்நீதிமன்றம் பிறந்தது. பழைய மன்றத்தின் அறிவு முழுவதும் ஆங்கிலப் பெட்டகத்துள் பூட்டப்படும் முன்பே, அதன் சாவியைத் தமிழன் கையில் தந்தவர் அவர்.

கும்பெனியார் பாரமகாலைக் கைக்கொண்டது 1792இல். எழுபது ஆண்டுகள் கிருஷ்ணகிரிக் குடியானவனும் அவர்கள் சட்டத்துக்கு அடங்கி நடந்தான். எந்தச் சட்டத்துக்கு என்று அறியும் வழி அவனுக்கு ஏது? அவ்வழியை முதன்முதல் திறந்த பெருமை இந்நூலுக்கு உண்டு.

எனினும், பாராட்டு வேறு, வழிபாடு வேறு. நாம் வழிபடுவோரல்லோம்.

சதர் நீதிமன்றம் இந்துச் சட்ட வழக்குகளில் எவரைக் கேட்டுத் தீர்ப்பளித்தது? பண்டிதர்களை! தத்து, வாரிசு, பாகப்பிரிவினை யாவற்றுக்கும் சாத்திரமே சான்று. நீதிமன்றப் பண்டிதர் பதவி ஒழிந்ததே 1864இல்தான். எனவே தீர்ப்புகள் தமிழாயின. தீர்ப்புக்குள் இருந்த மனு தமிழனாகவில்லை! பிறந்த வீட்டுச் சொத்தில் மகனோடு மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மொழியைத் திறந்தவர் முறையையும் வினவியிருக்கலாகாதா?

இதே தயக்கம் அவருடைய படைப்புகளிலும் காணக் கிடக்கிறது. ‘பெண்மதி மாலை’யில் பெண் கல்விக்காக வாதாடுகிறார், கணவனுக்கு அடங்கும் நெறியையும் கூடவே போதிக்கிறார். ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் (1879) நாடாளும் அறிவு பெண்ணுக்கு உண்டு என்று காட்டத் துணிந்தார், ஆனால் ஞானாம்பாளை ஆணுடை உடுத்தியன்றோ அரியணை ஏற்றினார்! ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. அரசுப் பணியில் அமர்ந்து சீர்திருத்தம் பேசியவரின் எல்லை அது. ஆயினும் அதே நாவலிலே, தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழே வழங்க வேண்டும் என்று அவர் தொடுத்த வாதம் இன்றும் கூர் மழுங்கவில்லை.

ஏன் மழுங்கவில்லை? வழக்கு இன்னும் முடியவில்லை, அதனால்! 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானித்தது. உச்சநீதிமன்றம் இசையாமையால் அது ஏட்டிலேயே நிற்கிறது. உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழில் பெயர்க்கப்படத் தொடங்கியதே 2019இல்தான். ஒரு முன்சீப் தனியாளாய்ச் செய்த பணியை ஓர் அரசமைப்பு தொடங்குவதற்கு 157 ஆண்டுகள்!

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே தொழிற்சாலைகள் பெருகுகின்றன. பெருகட்டும், அதை எதிர்ப்போரல்லோம். ஆனால் தொழிற்சாலைக்கு நிலம் வேண்டும். நிலத்துக்கு ஆவணம் உண்டு. ஆவணத்தில் தகராறு எழுந்தால், அது உயர்நீதிமன்றம் ஏறும் நாளிலே மீண்டும் துண்டு விரிக்கப்படுகிறது.

இளைஞர்களே! வேதநாயகருக்கு மாலை சூட்டுவதோடு அமைந்துவிடாதீர். உங்கள் ஊரிலே, எழுதப்பட்டதை வாசித்தறியாமல் பெருவிரல் பதிக்கும் முதியவர் ஒருவரேனும் இருப்பார். அவர் அருகில் அமருங்கள். தாளை வாங்கிப் படித்து, தமிழில் சொல்லுங்கள். அவர் ‘ஏன்?’ என்று கேட்கும்வரை சொல்லுங்கள். வேதநாயகர் விட்ட இடம் அதுதான். நாம் தொடர வேண்டிய இடமும் அதுவே.